சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற வினைச்சொல்

அகராதியிலிருந்து வெட்டப்பட்ட ஆங்கில வினைச்சொல் ஒன்று, செவ்வாய்க்கிழமை மதியம், எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் அலுவலகத்துக்குள் நடந்து வந்தது. மனிதன் செய்யக்கூடிய காரியம் எதுவானாலும் தன்னால் செய்து காட்ட முடியும், தன்னால் முடியாத வினைச்சொல் மனித குலத்துக்கே தேவையில்லை என்று அகராதிக்காரர் அன்று காலையில்தான் மேசையைத் தட்டி அறிவித்திருந்தார். அது வாய்ச்சவடால் இல்லை. அந்த அலுவலகத்தில் வினைச்சொற்களை நடித்துப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புவார்கள். வழுக்கி விழுவதற்கான சொல் வந்தபோது அவர் மாடிப்படியில் முறையாக விழுந்தார். குறட்டைக்கான சொல்லுக்கு அலுவலகமே அரைநாள் தூங்கி ஒத்துழைத்தது.

'க்ரோக்' என்ற சொல்லில்தான் சிக்கல். ஒருவர் சாப்பிடும்போது, வாய் திறந்து கேட்காமல், கூப்பிட மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே நிற்பது என்று பொருள். தட்டில் இருப்பதை நாயும் குழந்தையும் பார்க்கிற பார்வைக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் வைத்திருந்த சொல். அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாது. இப்போது புழக்கத்திலும் இல்லை. தட்டச்சுக்காரி அவித்த முட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "நான் சாப்பிடறேன், நீங்க நில்லுங்க சார்" என்றாள்.

"மானமுள்ளவன் கேப்பான், இல்லன்னா போயிடுவான். நின்னு பாக்கறவன் மனுஷனே இல்லம்மா. வெட்டு அதை."

வெட்டிய மையின் ஈரம் காய்வதற்குள் அது வந்துவிட்டது. முழங்கால் உயரம், நாயென்றும் குழந்தையென்றும் உறுதியாகச் சொல்ல முடியாத சாயல். ஒன்றும் கேட்காமல் மேசையோரம் நின்று பார்த்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு வாய் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அகராதிக்காரர் மட்டும் கொள்கைக்காகக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரு வாய்கூடத் தொண்டையைத் தாண்டவில்லை. மாதங்கள் போகப் போக அவர் இளைத்து, மின்விசிறியை வேகமாக வைத்தால் நாற்காலியோடு நகர ஆரம்பித்தார். அலுவலகம் அவர் சட்டைப்பையில் ஒரு பேப்பர் வெயிட்டைப் போட்டுவிட்டு அந்த விஷயத்தை முடித்துக்கொண்டது.

அவர் மாடியில் தனியாக இருந்தார். கீழ்வீடு அக்காவுடையது. மூன்று வருடங்களுக்கு முன்பு, அக்கா மகளின் கல்யாண அழைப்பிதழில் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி மாப்பிள்ளை வீட்டுக்கே தபாலில் அனுப்பிவைத்தார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. சாப்பாடும் நின்றது. அலுவலகத்திலிருந்து அவர் பின்னாலேயே வீட்டுக்கும் வந்துவிட்ட வினைச்சொல்லுக்கு இந்தப் பகையெல்லாம் தெரியாது. தினமும் கீழே இறங்கிப் போய் அக்காவின் கதவோரம் நிற்கும். அக்கா ஒரு தட்டு போடுவாள். அது நன்றாகச் சதை பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் மாடியேறி வந்தார். "பொண்ணு கொழந்தையோட வந்திருக்கா. கொழந்தைக்கு உன் மூக்கு, பாவம். நீ ஒண்ணும் பேச வேணாமாம். சாப்பிடற நேரத்துக்கு வாசல்ல வந்து நின்னா உங்க அக்கா கூப்பிடுவாளாம்."

"கூப்பிடட்டும், வர்றேன். நிக்கறதெல்லாம் நம்மால ஆகாது அத்தான்."

"நீ நின்னாத்தான் அவ கூப்பிடுவா. அவ கூப்பிட்டாத்தான் நீ வருவே. நல்ல ஜோடிடா. நான் போய் சாப்பிடறேன், மீன் ஆறிடும். சாயங்காலம் பொண்ணு ஊருக்குக் கிளம்பறா."

வறுத்த மீனின் வாசனை மாடிப்படியில் ஏறி வந்தது. கீழே குழந்தை எதற்கோ சிரித்தது. அகராதிக்காரர் சட்டையை மாற்றினார், பொத்தான்களைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். படியில் வழுக்காமல் இறங்கினார்.

கீழே கதவு திறந்திருந்தது. அக்கா பேத்திக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவர் நிலைப்படியில் சாய்ந்து, வாயைத் திறக்காமல், அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த வினைச்சொல் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டது.