அந்த இடத்தில் ஒழுங்கை இல்லை

சசிகரனின் 'பட்டா' என்ற சிறு லொறிக்கு மேலதிக விளக்குகளைப் பூட்டிய அன்றே பைசர் சொல்லிவிட்டான். மன்னார் பட்டினத்தில் வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்பவன் அவன்.

"மச்சான், கம்பனி பூட்டித் தந்த லைற்றைத் தவிர மற்றதெல்லாத்தையும் பொலிஸ் கழட்டச் சொல்லுது. பூட்டத்தான் வேணுமெண்டா, எதிர்ல வாகனம் வர டிம் அடிக்கேக்க இதுவும் சேர்ந்து அணைஞ்சு நூருற மாதிரி வயர் குடுக்கிறன்."

"வேண்டாம், தனிச் சுவிச்சு வை. அடம்பன் றோட்டு முழுக்க மாடு படுத்துக் கிடக்குது. எப்ப நூர்க்கிறது எண்டு எனக்குத் தெரியும்."

பைசர் தனிச் சுவிச்சே பூட்டிக் கொடுத்தான். பம்பரின் மேல் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை வெளிச்சம். ஒருமுறை உயிலங்குளத்தில் பொலிஸ்காரர் மறித்துக் கழற்றச் சொன்னார். "ஓம் சேர்" என்று தலையாட்டிவிட்டு வந்தவன், வயல்வேலை முடியட்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தான்.

அது மார்கழி மாதம். காலையிலிருந்தே வானம் இருண்டு கிடந்தது. உரமூட்டைகளை ஏற்றிக்கொண்டு சசிகரன் அடம்பனுக்குத் திரும்பும்போது மணி ஆறரை தாண்டிவிட்டது. சற்று முன்தான் ஒரு கன்றுக்குட்டி வாகனத்தில் அடிபடாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. எல்லா விளக்கும் எரிந்தன. எதிரே தூரத்தில் ஒற்றை வெளிச்சம் வந்தது. டிம் அடித்தான். மேலதிக விளக்குகளின் சுவிச்சை நூர்க்கக் கையை எடுத்தான். மாடு கீடு நின்றால் என்ற நினைப்பில் கையைத் திரும்ப வைத்துக்கொண்டான்.

அந்த ஒற்றை வெளிச்சம் இரண்டு தரம் ஆடியது. பிறகு காணவில்லை.

கண்ணாடியில் பார்த்தான். பின்னால் சிவப்பு விளக்கு ஒன்றும் போகவில்லை. இருட்டுத்தான் இருந்தது. 'ஏதும் சின்ன ஒழுங்கைக்குள்ள திரும்பி இறங்கியிருப்பான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கியரை மாற்றினான்.

மூட்டைகளைக் கடையில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தான். மனைவி துஷ்யந்தி புட்டும் மீன்குழம்பும் போட்டுக் கொடுத்தாள்.

"மீன்கார பத்திநாதண்ணை இன்னும் வீட்ட போய்ச் சேரேல்லையாம்," என்றாள். "மேரி ரோஸ் அக்கா போன் எடுத்தவ. இஞ்ச ஆற்றயும் வீட்டில நிக்கிறாரோ எண்டு கேட்டவ."

பத்திநாதன் வங்காலைக்காரர்; மேரி ரோஸ் அவர் மனைவி. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி அடம்பன் பக்கமெல்லாம் மீன் விற்பவர். அன்று காலை இந்த வீட்டுக்கும் அவர்தான் மீன் கொடுத்திருந்தார்.

"எத்தினை மணிக்கு இஞ்சயிருந்து வெளிக்கிட்டவராம்?"

"ஆறரை போலயாம்."

சசிகரன் தட்டைத் தள்ளி வைத்தான். மனதுக்குள் அந்த வீதியில் மறுபடி போய்ப் பார்த்தான். மதகு. அதற்குப் பிறகு நெற்களஞ்சியம். அதற்கு இந்தப் பக்கம், வெளிச்சம் மறைந்த இடம், ஒரே நீளத்துக்கு வாய்க்கால். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் கரைமுட்ட ஓடும் வாய்க்கால். அந்த இடத்தில் ஒழுங்கை இல்லை. எத்தனையோ வருடமாக அவன் வாகனம் ஓட்டுகிற வீதி. அது அவனுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

கையைக் கழுவாமல் எழுந்தான்.

"எங்க போறியள்?"

"வாறன்."

விளக்குகளையெல்லாம் போட்டபடி வாய்க்கால் ஓரமாக ஊர்ந்து போனான். நாணல் மடிந்து கிடந்த ஓரிடத்தில் வெள்ளையாக எதுவோ மிதந்தது. மீன்பெட்டியின் மூடி. வாகனத்தைத் திருப்பி வெளிச்சத்தைத் தண்ணீரில் அடித்தான். கவிழ்ந்த மோட்டார் சைக்கிளின் கீழ் ஒரு கால். கரைச் சேற்றில் நாடியை ஊன்றியபடி பத்திநாதனின் முகம். தண்ணீர் கழுத்தளவில் ஓடியது.

"அண்ணை! அண்ணை!"

கண் திறக்கவில்லை. ஆனால் மூச்சு இருந்தது. சசிகரன் குதித்து, தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டே, நனையாமல் உயர்த்திப் பிடித்த போனில் அம்புலன்சுக்கு அடித்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் மேரி ரோஸ் அவனுடைய இரு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கடவுள்தான் உன்னை அந்தப் பக்கம் அனுப்பினவர், தம்பி." அவன் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

விசாரிக்க வந்த சார்ஜன்ட் வாகனத்தைச் சுற்றிப் பார்த்தார். "நல்ல வேலை செஞ்சீங்க. ஆனா இந்த லைற் எல்லாம் கழட்டணும், சரியா? வேற ஏதும் வாகனம் அந்தப் பக்கம் போனத கண்டீங்களா?"

"இல்லை சேர்."

அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதையே அன்றிரவு அவன் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தான். மறுநாளே பைசரிடம் போய் விளக்குகளைக் கழற்றினான். பைசர் திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தான்.

மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் இருந்த மேரி ரோசுக்குப் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோனான். கட்டிலில் நினைவின்றிக் கிடந்த பத்திநாதனின் இமை அசையும்போதெல்லாம் அவன் வாசல் பக்கம் நகர்ந்தான். அந்த மனிதன் கண் திறக்கவேண்டும் என்று மன்றாடியவனும் அவன்தான். திறந்துவிடக் கூடாதே என்று நினைத்தவனும் அவன்தான்.

நாலாம் நாள் பத்திநாதன் தலையணையில் சாய்ந்து இருந்தார்.

"வெள்ளை மதில் மாதிரி வந்தது," என்றார் மெதுவாக. "றோட்டும் தெரியேல்லை, கரையும் தெரியேல்லை. இப்ப நூர்ப்பான், இப்ப நூர்ப்பான் எண்டு பாத்துக்கொண்டே போனனான்."

"அவன் நல்லா இருக்கமாட்டான்," என்றார் மேரி ரோஸ்.

பத்திநாதன் சசிகரன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயும் வாகனம் ஓடுறனி. சொல்லு பாப்பம். நான் விழுந்ததை அவன் கண்டிருப்பானோ?"

வெளியே சாப்பாட்டு வண்டில் உருளும் சத்தம் கேட்டது.

"கண்டவன் அண்ணை."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"அது நான்தான்."

மேரி ரோஸ் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் குரல் உயரவில்லை. "எவ்வளவு நேரம் இவர் தண்ணிக்குள்ள கிடந்தவர்?"

"ஒரு மணித்தியாலம் இருக்கும், அக்கா."

"அந்த ஒரு மணித்தியாலமும் நீ என்ன செய்தனி?"

"மூட்டை இறக்கினனான். குளிச்சனான். சாப்பிட இருந்தனான்."

பத்திநாதன் கண்ணை மூடிக்கொண்டார். மேரி ரோஸ் பிளாஸ்கை எடுத்து அவன் கையில் திணித்தார். "போய்ப் பொலிசில சொல்லு. இனி இஞ்ச வராதை."

அன்றே போய்ச் சொன்னான். முதலில் இல்லை என்று சொன்னதையும் சேர்த்து எழுதிக்கொண்டார் சார்ஜன்ட். வழக்கு நடந்தது. சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோனது. வாகனத்தை விற்றுவிட்டுக் களஞ்சியத்தில் மூட்டை தூக்கப் போனான். பத்திநாதனின் வலதுகால் நேராகவில்லை. தடியூன்றி வாசல்வரை வருவார், அவ்வளவுதான்.

பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம், அடம்பன் சந்தியில் மேரி ரோஸ் மீன்பெட்டியோடு பஸ்சிலிருந்து இறங்குவதைச் சசிகரன் கண்டான். சுற்றிச் சனம் கூடியது. அவனும் போய் நின்றான். தன் முறை வந்ததும் பையை விரித்து, "அரைக் கிலோ, அக்கா," என்றான்.

மேரி ரோஸ் நிமிர்ந்து பார்த்தார். பெட்டியில் இன்னும் மீன் இருந்தது. ஈரச்சாக்கை இழுத்து அதை மூடிவிட்டு, அவனைத் தாண்டிப் பின்னால் நின்ற பெண்ணிடம் கேட்டார்.

"உங்களுக்கு எவ்வளவு, பிள்ளை?"

சசிகரன் பையை மடித்துக்கொண்டு விலகி வழிவிட்டான்.