மூணா ஒண்ணா

மருமகன் தன் போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்துச் சத்தத்தைக் கூட்டினான். அதில் தாடி அடர்ந்த ஓர் இளைஞன், பின்னால் அலமாரி நிறையப் புத்தகம். ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொன்னாலும் அது ஒன்றுதான், புருஷன் விரும்பினால் மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று, யாரோ துரத்துவதுபோல் பேசிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். எனக்குக் கல்யாணமான நாள் முதல் இந்தப் பள்ளிவாசலுக்கு அவர்தான் ஹஜ்ரத். தீர்ப்புக் கேட்டு வருகிறவர்கள் அவர் எதிரில் உட்காரவே யோசிப்பார்கள். இன்று ஒரு போன் உட்கார்ந்திருந்தது.

நானும் மகளும் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம். அவள் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அந்தக் கையை முறித்த இதே மருமகன்தான் போன வாரம் மூன்று தலாக்கையும் வாய்ஸ் மெசேஜில் அனுப்பினான். அந்தப் படுபாவி வாயிலிருந்து எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அதுதான். கேட்டுவிட்டு அவள் அழவில்லை. குளித்தாள், சாப்பிட்டாள், பகல் முழுக்கத் தூங்கினாள். நான் எழுப்பாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"மூணு சொன்னா மூணுதான். முடிஞ்சது முடிஞ்சதுதான்," என்றார் என் வீட்டுக்காரர்.

மருமகனோடு வந்திருந்த ஜமாஅத் செயலாளர் தொண்டையைச் செருமினார். "இல்லேங்கல ஹஜ்ரத். ஆனா இவரும் ஓதின ஆலிம்தான். லட்சம் பேர் பாக்குறாங்க. உங்க பொண்ணுங்கிறதால இப்படிச் சொல்றீங்கன்னு நாலு பேர் பேசிரக் கூடாதுல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளுக்காகவா? ஊரான் பெண்களுக்கும் இதையேதான் சொன்னார். கைக்குழந்தையோடு ஒருத்தி, "கோவத்துல சொல்லிட்டாரு ஹஜ்ரத், ஒண்ணுன்னு வச்சுக்கங்க, நாங்க சேந்து வாழ்ந்துக்கிறோம்" என்று இதே இடத்தில் கிடந்து கதறினாள். அவள் புருஷனும் வாசலில் நின்று அழுதான். இவர் இம்மியும் அசையவில்லை. "ஹஜ்ரத் சொன்னா சொன்னதுதான்" என்று அவர்களை எழுப்பி அனுப்பியவர் இதே செயலாளர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது.

"எனக்கு அங்க போக இஷ்டமில்ல," என்றாள் மகள், திரைக்குப் பின்னாலிருந்தே, சத்தமாக.

"இஷ்டத்தைப் பத்தி இங்க யாரும்மா பேசுறா?" என்றார் செயலாளர், ரொம்ப அன்பாக. "ஒண்ணா மூணாங்கிறதுதான் பேச்சு."

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போறேன் மாமா." மருமகன் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஹஜ்ரத் பதில் சொல்வார் என்று நானும் காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அவர்கள் போனதும் அலமாரியிலிருந்து கிதாபுகளை இறக்கிப் புரட்டுவார் என்று நினைத்தேன். அவரோ திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உன் போனைக் கொஞ்சம் எடும்மா," என்றார். "மூணுன்னா மூணுதான்னு சொல்றவங்க யாராச்சும் அதுல இருக்காங்களா பாரு."

அவள் அவரையே பார்த்தாள்.

"அந்தப் பையனை விட நெறைய பேர் பாக்குற ஆளா பாரும்மா."

இடது கையால் தட்டித் தடவித் தேடினாள். ஒருவர் அகப்பட்டார். அவர் பேச்சு தொடங்குமுன் கூந்தல் எண்ணெய் விளம்பரம் ஒன்று ஓடியது. ஒரு பெண் ஈரத் தலைமுடியை உதறிச் சிரித்தாள். தெருவில் எதிரே பெண்கள் வந்தால் தலையைக் குனிந்துகொள்கிற மனிதர், ஆலிம் எப்போது வருவார் என்று, வைத்த கண் வாங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.