கடைசிக் கை

அந்தக் கோப்பையைக் கழுவாமல் கண்ணாடி அலுமாரிக்கு மேல் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் விரலால் காட்டிக்கொண்டிருந்தாள் கமறியா. அடியில் சீனி உறைந்திருந்தது. எறும்புகள் அதற்குள் வந்துவிட்டன. ஜனாஸா அறிவித்தல் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

"இந்தா, இதுதான். விடிய இவட கையால வாங்கிக் குடிச்சார். குடிச்சிட்டுச் சாஞ்சவர்தான்."

'இவ' என்றது மருமகள் பளீலாவை. கற்பிட்டியில் கருவாட்டுக் கடை வைத்திருந்த மாமனார் அத்தாஉல்லா, நடு ஹோலில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். சொன்ன விலையில் பாதியைக் குறைக்காமல் எழும்பாத மனிதர், இன்று யார் என்ன சொன்னாலும் ஒப்புக்கொண்டவர்போலக் கிடந்தார்.

"ஆசையாக் கேட்டார் மாமி. ஒரு தேத்தண்ணிதானே எண்டு..."

"சீனி வருத்தக்காரருக்குச் சீனி போட்டா அது தேத்தண்ணியாடி? நஞ்சுடி!" என்றாள் மூத்த மகள் ஜுனைதா. பளீலாவின் உடுப்புப் பையை அவள் ஏற்கெனவே வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"ஜனாஸா எடுத்த கையோட உண்ட உம்மாட வீட்டுக்குப் போயிடு," என்றாள் கமறியா. "கட்டாருக்குக் கோல் எடுத்து மகனுக்கும் சொல்லியாச்சு. சரியெண்டுட்டான்."

வந்திருந்த பெண்கள் தலையாட்டினார்கள்.

பளீலா தில்லையடியில் படிக்கும்போது பேஸ்போல் ஆடினவள். முதலாம் பேஸ். ஒரு காலைப் பேஸில் ஊன்றிக்கொண்டு, மற்றவர்கள் புழுதியில் விழுந்து பொறுக்கி எறியும் பந்தை, ஓடி வருகிறவள் வந்து சேருமுன் பிடிக்கவேண்டும். பிடித்தால் அவுட் அவள் பெயரில் விழும். வேர்த்தவர்கள் முறைப்பார்கள். டீச்சர் சொல்லுவா: "கடைசியாப் பிடிச்ச கைக்குத்தான் அவுட். ஆனா எறிஞ்ச கைக்கெல்லாம் அசிஸ்ட் எண்டு ஒரு பங்கு ஈக்கி. எறியாட்டியும், பந்து உடம்பில பட்டுத் திரும்பி அவுட்டானா, அவட பேரும் விழும். ஒருத்தரையும் விடேலா."

பளீலா எழும்பினாள்.

"சரி மாமி. கடைசிக் கை என்ட கைதான். இல்லையெண்டு சொல்லல்ல. கசாயம் போதும், ஊசி வாணாமெண்டு ஊசிப்பெட்டிய ஒளிச்சு வெச்சது யாரு? மதினி, நேத்து இனிக்க இனிக்க வட்டிலப்பம் கொண்டுவந்து ஊட்டினது யாரு? ஆஸ்பத்திரிக்கு வேன் கேட்டப்ப, கருவாடு ஏத்தியாச்சு, நாளைக்குப் பாப்பம் எண்டது உங்கட மாப்பிள்ளை அர்கம் மச்சான்தானே? கைமாறிக் கைமாறித்தான் என்ட கைக்கு வந்த. எறிஞ்சது நீங்க எல்லாரும்."

ஓதிக்கொண்டிருந்த ஒருத்தி ஓதலை நிறுத்தவில்லை; சத்தத்தை மட்டும் குறைத்தாள்.

"வாய மூடுடி!" கமறியா அலுமாரிக்கு எட்டி, கோப்பையை எடுத்து அவள் முகத்தை நோக்கி வீசினாள்.

பளீலாவின் வலக்கால் தானாகப் பின்னால் போய் நிலைப்படியில் ஊன்றியது. இடக்கை நீண்டது.

கோப்பை உடையவில்லை.

சந்தூக்குப் பெட்டி தூக்க வந்த ஆண்கள் வாசலிலேயே நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற அர்கம், கையிலிருந்த வேன் சாவியைச் சாரன் மடிப்புக்குள் செருகினான்.

பளீலா நடந்து போய், கோப்பையை அலுமாரிக்கு மேல், இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். மாமனாரின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். யாரும் விலகி இடம் கொடுக்கவில்லை; உட்கார்ந்தாள்.

கோப்பையிலிருந்த எறும்புகள் இரண்டு அவள் மணிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தன. அவள் தட்டிவிடவில்லை.