பிஸீச் வீட்டுப்பாடம்

என் அசல் சான்றிதழ்கள் மூன்று வருடமாகத் தாளாளர் அறை பீரோவில் இருந்தன. எங்கள் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்ததும் முதலில் அதைத்தான் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆள் பாதியில் ஓடிவிடக் கூடாதாம். எனக்கு அரசுப் பள்ளி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்திருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை, பெரம்பலூரில். அசல் இல்லாமல் போய் நின்றால் வேலை அடுத்த ஆளுக்கு.

தாளாளர் ஜெயசீலன் சார் வெங்காய மண்டி நடத்தி, அந்தப் பணத்தில் குன்னம் பக்கம் பள்ளிக்கூடம் கட்டியவர். பழைய இங்கிலீஷ் சொற்கள் என்றால் அவருக்கு உயிர். விண்ணப்பத்தில் என்ன கேட்டிருக்கிறோம் என்று பார்க்க மாட்டார். இங்கிலீஷைத் திருத்துவார். நான் 'ரிக்வெஸ்ட்' என்று எழுதியிருந்ததைச் சிவப்பு மையில் அடித்து 'பிஸீச்' என்று போட்டுத் திருப்பி அனுப்பினார். அப்படியே மாற்றி எழுதிக் கொடுத்தேன். 'வெரி குட்' என்று கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் வரவில்லை.

"சார், செவ்வாக்கெழம வெரிபிகேஷன் சார்."

"பரீட்ச முடியட்டும்மா. நடு வருஷத்துல நீங்க போயிட்டா புள்ளைங்க கதி என்னாவுறது?"

பிள்ளைகள் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை. ஏழாம் வகுப்பு பி பிரிவில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் இரண்டு வருடமாக ஓடவில்லை.

வியாழக்கிழமை வயிற்றெரிச்சலோடு அந்த வகுப்புக்குள் போனேன். தினம் ஒரு பழஞ்சொல்லைப் பலகையில் எழுதி, பொருளையும் அதன் குடும்பத்தையும் சொல்லித்தர வேண்டும் என்பது தாளாளர் உத்தரவு. பிஸீச் என்று எழுதினேன். மன்றாடிக் கேட்பது. மன்றாடுகிறவர் பிஸீச்சர். கேட்கிறவர் முகத்தில் இருக்கும் பார்வை பிஸீச்சிங். நேற்றே கேட்டு முடித்திருந்தால் பிஸாட். எடுத்துக்காட்டு ஒன்று வேண்டுமே. 'என் சான்றிதழ்களைத் தருமாறு தாளாளரை மன்றாடிக் கேட்கிறேன்' என்று இங்கிலீஷில் எழுதினேன். இதேபோல் சொந்தமாக எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். உள்நோக்கம் எதுவும் இல்லை என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன்.

எங்கள் பிள்ளைகளுக்குச் 'சொந்தமாக' என்றால், பலகையில் இருப்பதை நல்ல கையெழுத்தில் எழுதுவது. வீட்டில் இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் நன்றாகவே விளக்கியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மூன்று பேர், "குடுத்துட்டாராங்க மிஸ்ஸு?" என்று கேட்டார்கள். அதே வகுப்பில் படிக்கும் மஞ்சுவின் அப்பா அங்கமுத்து மட்டும் டிராக்டரை நிறுத்தி, "எம்பொண்ணு என்னமோ எழுதிருக்குங்க. கேட்டா சொல்ல மாட்டேங்குது. கையெழுத்து போட்டுட்டேன்" என்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் சொல் நோட்டுகளைத் தாளாளரே திருத்துவார். மூன்று மணிக்குக் கூப்பிட்டார். மேசையில் நாற்பத்தொரு நோட்டு. பக்கத்தில் என் சான்றிதழ் பைல்.

"நாப்பது பேரு ஒரே வாக்கியம். என்னம்மா சொல்லிக்குடுத்தீங்க?"

"பிஸீச் சார்."

"காலையிலேருந்து போன் நிக்கல. எம்புள்ள டி.சி.யயும் இப்படித்தான் வச்சிக்குவீங்களான்னு கேக்குறானுங்க. எடுத்துட்டுப் போங்க."

பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மூன்று வருடம் கழித்து என் பெயரை அதில் பார்த்ததும் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"இருங்க. சொந்தமா எழுதுனது இது ஒண்ணுதான். பத்துக்குப் பத்து போட்டிருக்கேன்" என்று ஒரு நோட்டை நீட்டினார்.

மஞ்சுவுடையது. 'எங்களை விட்டுப் போக வேண்டாம் என்று பிரவீணா மிஸ்ஸை மன்றாடிக் கேட்கிறேன். நான்தான் பிஸீச்சர்.' பிழை ஒன்றும் இல்லை.

எனக்கு அழுகை வந்தது. அந்த மனிதர் முன்னால் அழக் கூடாது என்று நோட்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வகுப்பில் நோட்டுகளைக் கொடுத்தேன். மஞ்சு மதிப்பெண்ணைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த பைலைப் பார்த்தாள்.

"போவ மாட்டீங்கல்ல மிஸ்?"



"வெரி குட், மஞ்சு" என்றேன்.

செவ்வாய்க்கிழமை, முதல் பஸ்ஸைப் பிடித்துப் பெரம்பலூர் போனேன்.