பாதிப் பக்குவத்தில் ஓடிய குதிரை

இசிக்-குல் ஏரியில் நீந்தி, சைக்கிள் மிதித்து, பிறகு ஓடியும் முடிக்க வேண்டிய அந்தப் பெரிய போட்டியை, தொடங்கும்போது இருந்ததைவிட மூன்று கிலோ எடை கூடி முடித்த ஒரே மனிதன் உலகத்தில் நான்தான். நம்ப விருப்பமில்லாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். என் மனைவி குல்பார்சின்கூட நம்பவில்லை. எங்கள் வீட்டு எடைக்கருவி அன்றைக்குத்தான் கெட்டுப்போனது என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாம் பேரனால் வந்தது. எனக்கு ஐபெரி என்று ஒரே மகள். அவள் பிள்ளை அலினுர் அந்தக் கோடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தான். எங்கள் வழக்கப்படி, நடக்கத் தொடங்கும் குழந்தையின் கணுக்கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாகத் திரித்த கயிற்றால் கட்டி, பெரியவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடி, முதலில் வருகிறவர் கத்தியால் அந்தக் கயிற்றை அறுப்பார். அறுத்தவரின் நடைதான் குழந்தைக்கு வரும். இதில் எங்கள் ஊரில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. பையனின் குலம் அப்பா வழி, பெயர் அவர்கள் வைத்தது, மூக்குகூட அந்த வீட்டு மூக்கு. நடையாவது என்னுடையதாக இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டேன்.

என் சம்பந்தி ஒமுர்சாக் வேறு கணக்குப் போட்டிருந்தார். தன் அண்ணன் மகன் நுர்தான் மல்யுத்த வீரன், அவன்தான் ஓடி வந்து அறுக்கப்போகிறான் என்று தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அறிவித்தார். நான் ஏன் ஓடக்கூடாது என்று கேட்டேன்.

"சம்பந்தி, நீங்க வாசல் வரைக்கும் போறதுக்கே நடுவுல ஒரு தடவ உக்காருறீங்க. பேரனுக்கு உங்க நடை வந்துச்சுன்னா, அவன் கல்யாணத்துக்கு அவனே மறுநாள்தான் போய்ச் சேருவான்."

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். ஐபெரியும் சிரித்தாள், அதுதான் சுட்டது. அந்த வேகத்தில், செப்டம்பரில் ஏரியில் நடக்கும் போட்டியை முடித்துக் காட்டினால் கத்தியை என்னிடம் கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் மாலை நான்கு மணிக்குள். ஒமுர்சாக்குக்குத் தேநீர் மூக்கு வழியாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தார். ஆனால் அவர் முப்பது வருடம் போக்குவரத்துப் போலீஸாக இருந்தவர், எந்த ஓட்டுநரின் வார்த்தையையும் நம்பாமலேயே ஓய்வுபெற்றவர். நேரம் குறிப்பவரிலிருந்து தண்ணீர் கொடுப்பவர்வரை எல்லோருமே நான் மாட்டுக்கு வைத்தியம் பார்த்த வீட்டார், அவர்கள் எனக்காகப் பொய் சொல்லாவிட்டால்தான் நன்றி கெட்டவர்கள், ஆகவே தன் சொந்தக் கண்ணால் பார்த்ததை மட்டுமே ஏற்பேன் என்று நிபந்தனை போட்டார்.

பயிற்சியைப் பற்றி நான் கவலையே படவில்லை. ஆயுள் முழுக்கப் பந்தயக் குதிரைகளைப் பார்த்தவன் நான். குதிரையை முதலில் கோடைப் புல்லில் நன்றாகக் கொழுக்க வைப்பார்கள். பிறகு பந்தயத்துக்கு முந்தின வாரங்களில் தீனியைக் குறைத்து, கம்பளியைப் போர்த்தி நடத்தி, வியர்வையாகக் கொழுப்பை இறக்குவார்கள். உள்ளே இருக்கும் பலம் மட்டும் மிஞ்சும். குதிரைக்குச் சரியானது மனிதனுக்கு ஏன் ஆகாது? ஜூன் மாதம் மலை மேய்ச்சலுக்கு ஏறினேன். புளித்த குதிரைப்பாலும் ஆட்டுக்கறியுமாக முதல் பாதியைச் சிரத்தையாகச் செய்தேன். இறங்கி வந்தபோது என் குதிரை என்னைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

இரண்டாம் பாதிக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்த கல்யாணங்கள் செப்டம்பரிலும் ஓயவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வியர்க்கலாம் என்று உட்காரும்போதெல்லாம் யாராவது வந்து விருந்துக்கு இழுத்துப் போனார்கள். பந்தயத்துக்குத் தயாராக, முழுதாகக் கொழுத்து, துளியும் வியர்க்காத முதல் குதிரையாக நான் கரையில் போய் நின்றேன்.

சுகவாச விடுதியில் முத்துக்குளிப்பவனைப் போல மூழ்கி வேலை செய்யும் ஒருவரிடம் ரப்பர் உடை இரவல் வாங்கியிருந்தேன். அவர் ஒல்லி. குல்பார்சின் ஆட்டுவால் கொழுப்பைத் தடவி, மூன்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு என்னை அதற்குள் ஏற்றினாள். அந்த வாசனைக்கு ஏரியின் பறவைகள் அத்தனையும் என் தலைமேல் வந்துவிட்டன. மற்றவர்கள் மிதவைகளைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். கடைசியில் வருகிறவன் எங்கே இருக்கிறான் என்று தெரிய, படகுக்காரர்கள் பறவைகளைப் பார்த்தார்கள். முங்க வழியில்லை, உடம்பில் சேர்ந்திருந்த கொழுப்பு என்னை மூழ்கவே விடவில்லை. கோடை முழுக்கத் தின்றது வீண் போகவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

சைக்கிளில் ஏறியதும் ஒமுர்சாக்கின் பழைய ஆடி கார் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் இவ்வளவு மெதுவாகப் போகிறவர்களுக்குத் தான் அந்தக் காலத்தில் அபராதம் எழுதியதாக நினைவூட்டினார்.

அனன்யெவோ வரை போய்த் திரும்ப வேண்டும். அந்தச் சாலையில் நான் கன்று இழுத்துப் போடாத தொழுவமே இல்லை. இது தெரிந்ததுதான், ஆனால் இதன் பொருள் என்ன என்று நான் யோசித்திருக்கவில்லை. கோருமதுவில் ஒருவர் தட்டில் ரொட்டியோடு ரோட்டோரம் நின்றார். நீட்டிய ரொட்டியைத் தொட்டுப் பிட்டு வாயில் வைக்காமல் போவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். இறங்கினேன், தின்றேன். மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டினார். வெளியாட்களிடம் உதவி வாங்கக்கூடாதாம். கிரிகோரியெவ்காவில் ரொட்டியோடு பாலாடையும் வந்தது, இரண்டாவது அட்டையும் வந்தது. மூன்றாவது அட்டை விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

செம்யோனவ்காவில் என் ஒன்றுவிட்ட அக்கா சல்தனாத் ரோட்டின் நடுவிலேயே விரிப்பை விரித்திருந்தாள். எண்ணெயில் பொரித்த குட்டி ரொட்டிகளான போர்சோக், ஆப்ரிகாட் பழ ஜாம், தேன். நான் பிரேக் பிடிக்காமல் போய்விடத்தான் நினைத்தேன், ஆனால் கை தானாகப் பிடித்தது. வாயில் போட்ட கணம் நடுவர் வந்து இறங்கி, சட்டைப்பையில் கைவைத்தார். சல்தனாத் அவர் வாய்க்கு நேரே ஒரு துண்டை நீட்டினாள்.

"இது உதவியா தம்பி? உதவி பண்றதா இருந்தா பின்னாடி நின்னு தள்ளியிருப்பேன். இது ரொட்டி. நீயும் ஒரு வாய் வச்சுட்டுப் போ."

அவரும் எங்கள் ஆள்தானே. கறுப்புக் கண்ணாடிக்குள் அவர் பட்ட பாடு வெளியே தெரிந்தது. கடைசியில் வாயைத் திறந்தார். காரிலிருந்து ஒமுர்சாக்கும் கையை நீட்டி ஒரு துண்டு வாங்கிக்கொண்டார். மூன்று பேருக்கும் வாய் நிறைந்திருந்தது, அட்டை சட்டைப்பையிலேயே இருந்தது. நடுவர் மென்றுகொண்டே வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். திரும்பும் வழியில் எல்லா ஊரிலும் மறுபடி நின்றேன், அவர் மட்டும் கண்ணில் படவே இல்லை.

ஓட்டம் ஏரிக்கரைப் பாதையில். கார் போக முடியாது. ஒமுர்சாக் அசரவில்லை, ஏரி மணலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் படம் பிடிக்க நிறுத்தியிருக்கும் ஒட்டகத்தை, ஜிகினாக் குஞ்சலங்களோடு அப்படியே வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் ஓட, பக்கத்தில் அது நடந்தது. பல இடங்களில் அது முந்தியது, பிறகு மரியாதைக்கு நின்றது.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. அடுத்து எந்த உறுப்பு வேலைநிறுத்தம் செய்யும் என்று ஒரு மருத்துவனாகக் கவனித்துக்கொண்டே போனேன். முதலில் இடது கெண்டைக்கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் எதிர்பாராமல் வலது காது. பாதி தாண்டியபோது பசியும் வலியும் ஒன்றாகி, எது எது என்று பிரிக்க முடியாத ஒரு நிலை வந்தது. எந்தப் புத்தகத்திலும் நான் படித்திராத நிலை அது. கடைசி வளைவுக்கு முன்னால் பாப்ளார் மரங்களின் கீழே தொடைகள் இரண்டும் ஒரே நேரத்தில் ஓய்வு அறிவித்தன. உட்கார்ந்துவிட்டேன். அமுக்கிப் பார்த்தேன். குதிரைத் தொடையாக இருந்தால் உரிமையாளரிடம் தொத்திறைச்சிக்குச் சிபாரிசு செய்திருப்பேன்.

ஒமுர்சாக் மேலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சும்மா இருந்தாலே போதும், அவர் ஜெயித்துவிடுவார். எனக்கும் அது தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

"எந்திரிங்க சம்பந்தி," என்றார்.

"கால் இல்ல."

"இருக்கு, எனக்கு இங்கேருந்தே தெரியுது. காலையிலேர்ந்து கார்ல வெந்து, இந்த மிருகத்து முதுகுல இடுப்பொடிஞ்சு வந்திருக்கேன். இது எப்படி முடியுதுன்னு பாக்காம வீட்டுக்குப் போனா எனக்கு இந்தக் குளிர்காலம் பூரா தூக்கம் வராது. உங்களுக்குத் தெரிஞ்சுக்க வேணாமா?"

எனக்கும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டியிருந்தது. மரத்தைப் பிடித்து எழுந்தேன். நடந்தேனா ஓடினேனா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம், ஆனால் வளைவு என்னை நோக்கி வந்தது. கடிகாரம் நான்கைத் தொடப்போகிற நேரம். கோட்டுக்குச் சற்று முன்னால், வேலியோரம் ஒரு குடும்பம் கேமராவைத் தூக்கியது. பழக்கதோஷம், ஒட்டகம் சட்டென்று அவர்கள் பக்கம் திரும்பி, போஸ் கொடுத்து நின்றுவிட்டது. நான் கோட்டைத் தாண்டும்போது ஒமுர்சாக்கின் ஒட்டகம் எனக்கு வாலைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவர் பார்த்தாரா? அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கழுத்தில் பதக்கம் இருந்தது, சந்தையில் இதைவிடப் பெரியது கிடைக்கும் என்று மட்டும் சொன்னார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் படுக்கையில் கிடந்தபடி, அந்த நேரத்தில் அவர் தலை எந்தப் பக்கம் இருந்தது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியில் அவர்கள் வீட்டு முற்றம் முழுக்கச் சொந்தக்காரர்கள். அலினுரின் கால்களில் கயிறு கட்டியாயிற்று. அவன் அதைக் கடிக்க முயன்றுகொண்டிருந்தான். வாசலில் நுர்தான் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைகாலை உதறிக்கொண்டிருந்தான். நான் தடியை ஊன்றி நின்றேன். கத்தி ஒமுர்சாக்கின் கையில் இருந்தது. அவருடைய அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, டாக்டர் நெசமாவே அந்தப் போட்டிய முடிச்சாரா, இல்ல வழக்கம்போல அவர் விடுற கதையா என்று கேட்டார். சிரிப்பதற்குத் தயாராக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐபெரி மட்டும் தன் மாமனாரைப் பார்த்தாள்.

ஒமுர்சாக் கத்தியின் கூர்ப்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, பிடியை என்னிடம் நீட்டினார்.

"முடிச்சாரு," என்றார். "ஒட்டகந்தான் திரும்பிருச்சு. நான் திரும்பல."