மாரப்பனின் ஊசி

போத்தனூர்க் கம்பவுண்டர் மாரப்பன் இருபது ஆண்டுகளாக ஒரே ஊசியை வெந்நீரில் அலசி, வந்தவர்க்கெல்லாம் போட்டார். தம் மகள் நாச்சம்மாளுக்கும் போட்டார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டில், நிறைமாதமாயிருந்த அவளுடைய இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி என்னும் காமாலைக் கிருமி இருப்பது தெரிந்தது. "ஊசியில ஒட்டின ரத்தத்துல பரவியிருக்கும். குழந்தை பொறந்த அன்னைக்கே தடுப்பூசி போட்டரோணும், அப்பவும் அதுக்கு வராதுன்னு உறுதியில்லீங்க," என்றார் மருத்துவர்.

வீடு திரும்பிய மாரப்பன், வாசலில் காத்திருந்தவர்கள் முன்பாகவே ஊசிக்குழலைக் கல்லில் அடித்து உடைத்தார். "இதுலதான் காமாலை பரவுச்சு. எல்லாரும் ரத்தம் பாத்துக்கோங்க. இனி மாத்திரைதானுங்க."

"ஏனுங்க, மாத்திரையில காச்சல் போகுமுங்களா?" என்று சிரித்த சாமியாத்தாள், "நான் உக்கடத்துக் கம்பவுண்டர்கிட்டயே ஊசி போட்டுக்கறேனுங்க," என்று கிளம்பினாள். மற்றவர்களும் அவள் பின்னே சென்றனர்.

அங்கும் எல்லாருக்கும் ஒரே ஊசிதான் என்பதை மாரப்பன் அறிவார்.