சமாதானக்காரரின் நினைவுக் கூட்டம்

ஏழாவதாக எழுந்தவர் அப்பாவை மகான் என்றே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பென்சில்வேனியாவில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் அந்த வழிபாட்டு வீட்டில் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது, மேடைகூடக் கிடையாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு உள்ளேயிருந்து உந்துதல் வருகிறதோ அவர் எழுந்து பேசுவார். பேசினால் உண்மையைத்தான் பேச வேண்டும். இவர்கள் கோர்ட்டில்கூடச் சத்தியம் செய்யமாட்டார்கள். என்றைக்கும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்பார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் முக்கால் மணி நேரமாக, செத்துப்போன அவள் அப்பா லோவெல் ஹூப்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். போரை எதிர்த்துப் பதினொரு தடவை கைதானவர். ஏவுகணைத் தொழிற்சாலை வாசலில் பனியில் உட்கார்ந்தவர். போலீஸ்காரன் அடித்தபோதும் திருப்பிக் கை ஓங்காதவர். எல்லாம் நடந்ததுதான். வெளியே ஓங்காத கையை வீட்டுக்கு வந்து ஓங்கினார் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

வெர்னாவுக்கு ஒன்பது வயதில் ஒருமுறை, பதினான்கு வயதில் ஒருமுறை, அம்மாவின் மணிக்கட்டு உடைந்தது. இரண்டாம் முறை அம்மா, சபைக் குடும்பங்களின் நலன் பார்க்கும் கிளேட்டன் பாஸ்மோரிடம் போய்ச் சொன்னாள். மறுநாள் கிளேட்டன் வந்தார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். அடித்தவரையும் அடிவாங்கியவளையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் மௌனமாக இருந்தார். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் மௌனமாக இருந்தாள். பிறகு கிளேட்டன், உங்கள் இருவரையும் ஒளியில் வைத்து நினைக்கிறேன், அதாவது உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆப்பிள் கேக் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கேக்கைச் சுட்டதும் அம்மாதான், ஒற்றைக் கையால். மாடிப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்த வெர்னாவுக்கு அன்று வந்த கோபம் நாற்பது வருஷமாக ஆறவில்லை.

காலையில் காரில் வரும்போதே அம்மா சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு மட்டும் வாயைத் திறக்காதேடி. போய்ச் சேர்ந்துட்டார், விடு."

"அவங்க பொய் சொன்னா?"

"யாரும் பொய் சொல்லமாட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்வாங்க."

வெர்னா சரி என்றாள்.

கூட்டத்தில் எட்டாவதாக, ஒரேகானிலிருந்து ஜூமில் சேர்ந்திருந்த ஒருவர், மைக்கை ஆன் செய்ய மறந்து ஒரு நிமிஷம் வெறுமனே வாயசைத்துவிட்டு, லோவெலின் வீட்டில் இருந்த அமைதியை உலகமே கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கற்றுக்கொள்ளட்டும், நன்றாக இருக்கும். அடுத்து கிளேட்டனே எழுந்தார். எண்பத்தெட்டு வயது, எழுந்திருக்கவே நேரம் பிடித்தது.

"அந்த வீட்டுக்குள்ள நான் போயிருக்கேன். லோவெல் கை ஒருத்தர் மேலயும் எழுந்ததில்லை."

தெரிந்தே சொன்னார். அதுவரை குனிந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

வெர்னா எழுந்து நின்றாள். கிளேட்டன் அவளைப் பார்த்தார். உடனே பக்கத்திலிருந்தவரிடம் திரும்பிக் கையைக் குலுக்கினார். மூத்தவர் கை குலுக்கிவிட்டால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் கை குலுக்கத் தொடங்கினார்கள். யாரோ காபி தயார் என்றார்கள். பேச எழுந்த ஒரு பெண் நட்டநடுவே நிற்கிறாள், ஒருவர் கண்ணிலும் படவில்லையாம்.

கிளேட்டன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து அம்மாவிடம் கையை நீட்டினார். அம்மா தன் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"என் பொண்ணு நின்னுக்கிட்டிருக்கா, கிளேட்டன். கூட்டம் முடியலை. போய் உட்காரு."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் காபிக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கிளேட்டனும் உட்கார்ந்தார்.

வெர்னா அவரைப் பார்த்தே பேசினாள். "எங்கப்பா பதினொரு தடவை கைதானார். எல்லாரும் சொன்னீங்க. எங்கம்மாவோட மணிக்கட்டை ரெண்டு தடவை உடைச்சார். அதை யாரும் சொல்லலை. கிளேட்டனுக்குத் தெரியும்."

ஒருவர் பேசியதை இன்னொருவர் மறுப்பதோ திருத்துவதோ அங்கே வழக்கமில்லை. மௌனமாக வாங்கிக்கொள்வார்கள். அந்த மௌனத்தைத்தான் வெர்னா வெறுத்தாள். எதைப் போட்டாலும் விழுங்கிவிடும். இதையும் விழுங்கத் தொடங்கியிருந்தது.

"மூணு தடவை," என்றாள் அம்மா, உட்கார்ந்தபடியே. "முதல் தடவை நீ என் வயித்துல இருந்தே. அப்பவும் கிளேட்டன்கிட்டதான் போய்ச் சொன்னேன்."